ஓவர் ஆயில்!

புதுச்சேரிக்குப் போய் இரண்டு நாள் எண்ணெய் தேடி அலைந்தேன் என்றால் ஒருத்தரும் நம்புவதில்லை. "பாண்டிக்குப் போறவங்க தேடுற திரவமே வேறயாச்சே!" என்று கண்ணடிக்கிறார்கள். என்ன செய்வது, ஊருக்கு அப்படி ஒரு பேர்!

பாண்டி என்றால் கடற்கரை, காந்தி சிலை, வெள்ளையடித்த பிரெஞ்சுத் தெரு என்று நினைப்பவர்கள் ஒருமுறை மேற்கே பஸ் ஏற வேண்டும். பத்து கிலோமீட்டரில் வில்லியனூர். தெற்கே ஏறினால் இருபது கிலோமீட்டரில் பாகூர். இரண்டும் 'கொம்யூன்'. பிரெஞ்சுக்காரன் வைத்துவிட்டுப் போன பெயர். 1954-ல் அவன் கப்பலேறிவிட்டான். கொம்யூன் மட்டும் ஏறவில்லை. வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் என்று புதுச்சேரிப் பகுதியில் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள். நடுநடுவே தமிழ்நாடு வேறு புகுந்து புகுந்து போகும். கிழிந்த தோசையைத் தட்டில் போட்ட மாதிரி இருக்கும் மேப். கால் மணி நேரம் மிதித்தால் எந்த அரசாங்கத்தின் பள்ளத்தில் விழுந்தோம் என்பதே தெரியாது!

இந்தக் கிராமங்களில் இன்னும் சைக்கிள் ஓடுகிறது. வசதி வந்தவர்கள் ஸ்கூட்டிக்கும் பைக்கிற்கும் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது மூன்று ஜாதி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒன்று. கூலிப் பணத்தில் பெட்ரோலுக்குப் பங்கு வைக்க முடியாதவர்கள் ஒன்று. "இந்த வயசுல எனக்கு எதுக்கு மோட்டாரு?" என்று கேட்கும் தாத்தாக்கள் ஒன்று. இந்த மூன்று பேருக்கும் சைக்கிள் என்பது உடற்பயிற்சி இல்லை, கால்!

அந்தக் காலுக்கு மூட்டுவலி வந்தால் என்ன தைலம் தடவுகிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன்.

போர்டில் ஒரு புதிர்

வில்லியனூருக்குள் நுழைந்தால் திருக்காமீஸ்வரர் கோயில் கோபுரம் கண்ணில் படாமல் இருக்காது. இங்கே தேரோட்டத்துக்கு ஒரு விசேஷம். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடித்துத் தேர் இழுப்பாராம். ஆட்சி போயும் வழக்கம் போகவில்லை. இப்போது துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். ஆனால் ஆளுநரே பிடித்து இழுத்தாலும், அச்சில் மசகு இல்லாவிட்டால் தேர் நகராது. தேருக்கே அந்த கதி என்றால் சைக்கிள் எந்த மூலைக்கு?

கோயிலைத் தாண்டி ஒரு சந்தில் சைக்கிள் கடை. கீற்றுக் கொட்டகை, தொங்கும் பழைய டயர், பஞ்சர் பார்க்கத் தண்ணீர்த் தொட்டி. போர்டில் பெயின்ட் உதிர்ந்த எழுத்தில் 'இங்கு பஞ்சர், ஓவராயில் செய்யப்படும்'.

கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். "ஓவராயில்னா என்னங்க ஐயா, நிறைய எண்ணெய் ஊத்துறதா?" என்றேன்.

பெரியவர் சிரித்துவிட்டார். "எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்கிறாங்க தம்பி. இங்கிலீஷ்ல ஓவர்ஹாலிங்காம். வண்டிய அக்கக்காப் பிரிச்சு, கழுவி, பால்ரஸ் மாத்தி, கிரீஸ் வச்சு மறுபடி பூட்டறது. நம்ம வாய்ல அது ஓவராயில் ஆயிடுச்சு. வாய் மாறினாப் பரவாயில்ல, ஜனங்களுக்குக் கையும் மாறிப்போச்சு! சத்தம் வந்தா எண்ணெய், வராட்டியும் எண்ணெய். என் கடைக்கு வந்த செத்த செயின்ல பாதி துரு தின்னது. மீதி ஓவர் ஆயில் தின்னது!"

பேசிக்கொண்டே கழற்றிப் போட்ட ஒரு செயினை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒரு கண்ணியைப் பாருங்கள். வெளியே இரண்டு பட்டை, உள்ளே இரண்டு பட்டை, நடுவில் ஒரு ஊசி. ஊசியைச் சுற்றி ஒரு குழல், குழலைச் சுற்றி உருளை. பெடல் மிதிக்கும்போது தேய்வது வெளியே மினுமினுக்கும் பட்டை இல்லை. ஊசிக்கும் குழலுக்கும் நடுவில், கண்ணுக்கே தெரியாத இடுக்கில்தான் தேய்மானம். எண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடம் அது ஒன்றுதான். மேலே வழிகிற எண்ணெய்க்கு ஒரே ஒரு வேலை, 'வா, வா' என்று புழுதியைக் கூப்பிடுவது. வில்லியனூர் மண் பொம்மைக்குப் பேர் போனது. இந்த ஊர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பொம்மைக்கு நல்லதாக இருக்கும் நைஸ் மண், எண்ணெயோடு சேர்ந்தால் செயினுக்கு எமன். சதா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி!

இந்த உருளைச் செயின் 1880-ல் பிறந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் கண்டுபிடித்தார். 1885-ல் ஸ்டார்லியின் 'ரோவர்' சைக்கிள் பின்சக்கரத்தைச் செயின் போட்டு ஓட்டியது. அன்றிலிருந்து எத்தனையோ மாறிவிட்டது. இன்றைக்கு நம் ஊர் சைக்கிள் செயினில் ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இருக்கும் இடைவெளி அரை அங்குலம். இந்த அரை அங்குலத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பாகூரில் வேலை இருக்கிறது.

எண்ணெய்க்கு வந்த பஞ்சம்

"முன்னெல்லாம் இந்த வம்பே கிடையாது. சாயங்காலம் கடைக்கு வந்தா நானே மூக்கு நீண்ட ஆயில் கேனை எடுத்து டொக் டொக்னு நாலு அழுத்து அழுத்தி விட்டுருவேன். காசு கூட வாங்க மாட்டேன். இப்ப இந்தப் பக்கம் எத்தனை ஊர்ல சைக்கிள் கடை இருக்கு சொல்லுங்க? என் புள்ளையே பைக் மெக்கானிக் ஆயிட்டான்" என்றார் பெரியவர்.

கடை போனதோடு கைப்பக்குவமும் போயிற்று. அழுக்குக் கழுவ ஒரு காலத்தில் ரேஷன் மண்ணெண்ணெய் இருந்தது; அதுவும் நின்றுபோயிற்று. ஆகவே, வீட்டில் இருப்பதை ஊற்று என்று ஆகிவிட்டது.

எண்ணெய் இல்லாவிட்டால் என்ன, கொஞ்சம் கிரீச்சிடும், அவ்வளவுதானே என்று கேட்கலாம். 2024 நவம்பர் 30-ந் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறிய கதையை இங்கே யாரிடமாவது கேளுங்கள். ஒரே நாளில் புதுச்சேரியில் கொட்டியது சுமார் 48 சென்டிமீட்டர். அது வடிவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர் பக்கத்துக் கிராமங்களில் புகுந்தது. சங்கராபரணியும் தன் பங்குக்குப் பொங்கியது. வாசலில் நின்ற சைக்கிள்கள் சேற்றுத் தண்ணீரில் முழுகிக் கிடந்தன.

சேற்றில் கிடந்த செயின் ஒரே ராத்திரியில் செம்பட்டை நிறமாகும். நாலு நாளில் கண்ணிகள் மடங்காமல் விறைத்துக்கொள்ளும். ஏறி மிதித்தால் பல்லைவிட்டு எகிறும். இல்லாவிட்டால் படீரென்று அறும். எழுந்து நின்று அழுத்தி மிதிக்கிற நேரத்தில் அறுந்தால் ஆள் நேராகத் தரையில்தான். பின்னால் மணல் லாரி வந்தால்? உயிர் தப்பினாலும் அன்றைய கூலி போச்சு. அதிகாலை நடவுக்குப் போகிறவர் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றால், வேறு ஆள் இறங்கியிருப்பார்.

அதற்குப் பெரியவர் சொன்ன வைத்தியம்: தண்ணீர் வடிந்த அன்றைக்கே செய்ய வேண்டும். நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவு. வெந்நீரில் துணி சோப்பைக் கரைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய். மறுபடி அலசு. சோப்பு தங்கினால் அதுவே ஈரத்தை இழுக்கும். வெயிலில் நன்றாகக் காயவிடு. கடைசியில் எண்ணெய்.

"என்ன எண்ணெய் ஐயா?"

"அதுலதான் தம்பி ஊரே சண்டை!"

ஓட்டெடுப்பு

வில்லியனூர் கொம்யூனில்தான் கீழூர் இருக்கிறது. 1954 அக்டோபர் 18-ந் தேதி புதுச்சேரி இந்தியாவோடு சேரலாமா என்று மக்கள் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்ட இடம். 178 பேரில் சேரலாம் என்றவர்கள் 170, வேண்டாம் என்றவர்கள் 8. இந்தப் பக்கத்து ஜனங்கள் அவ்வளவு ஒற்றுமையாக ஒத்துக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான் போலிருக்கிறது! செயினுக்கு என்ன எண்ணெய் என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு ஓட்டு. வழியெல்லாம் கேட்டு வேட்பாளர் பட்டியல் தயாரித்தேன்.

தேங்காய் எண்ணெய்: எல்லா வீட்டிலும் இருப்பதால் செல்வாக்குள்ள வேட்பாளர். நீர்த்திருப்பதால் இடுக்கில் சுலபமாக நுழையும். ஆனால் அடுத்த மழைக்குத் தாங்காது. 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்தும் விடும். மார்கழிக் காலையில் பாட்டிலை அடுப்பு ஓரம் வைக்கிறோமே, அதே கதை செயினிலும். எறும்பு ஊர்வலம் இலவசம்.

நல்லெண்ணெய், சமையல் எண்ணெய்: இவை காற்றுப் பட்டால் மெதுவாகப் பிசினாகிற ஜாதி. நம்பிக்கை இல்லாவிட்டால் அடுக்களையில் எண்ணெய்த் தூக்கின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். விரலில் ஒட்டுகிறதே பிசுக்கு, அதுதான் ஒரு மாதம் கழித்து உங்கள் செயினிலும். சூரியகாந்தி எண்ணெய் இதில் இன்னும் சுறுசுறுப்பு.

மண்ணெண்ணெய்: சத்தம் உடனே நிற்கும், அதனால் ஏமாந்துவிடுகிறோம். இது அழுக்கைக் கரைக்கும், மசகாக நிற்காது. ஆவியாகிப் போனதும் செயின் முன்னைவிட வறண்டு கிடக்கும். குளிப்பாட்டலாம், சாப்பாடு ஆகாது.

மெக்கானிக் ஷாப் பழைய எஞ்சின் ஆயில்: ஓசியில் கிடைப்பதால் ஓட்டு அதிகம். வழுக்கும், உண்மைதான். ஆனால் கரியும் இரும்புத் தூளும் கலந்தது. பாவாடை, வேட்டி எதையும் விடாது. தோலுக்குக் கெடுதல், அடிக்கடி கையில் பட்டால் புற்றுநோய் வரைக்கும் பயம் உண்டு. மீதியை வாய்க்காலில் ஊற்றினால் வயலுக்கும் கேடு.

கிரீஸ், வாசலின்: பால்ரஸ்ஸுக்கு கிரீஸ் சரி. செயினுக்கு வெளியே அப்பினால் இடுக்குக்குள் போகாது, புழுதியை அப்பிக்கொண்டு உட்காரும்.

தையல் மிஷின் எண்ணெய்: தங்கமான வேட்பாளர். சுத்தம், பிசின் ஆகாது. நீர்த்த எண்ணெய் என்பதால் சீக்கிரம் வடிந்துவிடும். மழை நாளில் வாரம் ஒருமுறை போட வேண்டும்.

மெழுகுவர்த்தி: சிரிக்காதீர்கள்! வெளிநாட்டுப் பந்தய சைக்கிள்காரர்களே உருக்கிய மெழுகில் செயினை முக்கி எடுக்கிறார்கள். ஆறினால் புழுதி ஒட்டாது. வில்லியனூரில் லூர்து மாதா கோயில் இருக்கிறது, மெழுகுவர்த்திக்குப் பஞ்சமில்லை. ஆனால் செயினைக் கழற்றி, கழுவி, காயவைக்க வேண்டும். மெழுகைக் கொதிநீரில் வைத்த டப்பாவில்தான் உருக்க வேண்டும்; நேராக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். திரும்ப மாட்டும்போது செயின் லாக்கைக் கவனிக்க வேண்டும். அது பார்க்க மீன் மாதிரி இருக்கும். மூடின தலை செயின் ஓடுகிற திசையில், பிளந்த வால் பின்னால். "மீன் வால் பக்கமா நீந்துமா?" என்றார் பெரியவர். மாற்றிப் போட்டால் போகிற போக்கில் எதிலாவது இடித்துக் கழன்றுவிடும்.

சரி, ஜெயித்தது யார்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் பாகூர் சாலையைப் பிடித்தேன்.

மாட்டு வண்டி சொன்ன பாடம்

சங்கராபரணியைத் தாண்டித் தெற்கே போகப் போக மண் மாறுகிறது. உறுவையாறு, மங்கலம், கரிக்கலாம்பாக்கம் என்று ஊர்கள் கடக்கின்றன. தை மாசம். சம்பா அறுவடை ஆன வயல்களில் வைக்கோல் கட்டுகள். ரோட்டிலேயே கதிரைக் காயவைத்து நம்மை ஓரம் கட்டுகிறார்கள். பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்று சும்மா சொல்லவில்லை.

ஒரு டீக்கடைத் திண்ணையில் வயசான விவசாயி ஒருவரிடம் என் பட்டியலைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"முக்கியமான ஆளை விட்டுட்டியே ராஜா. விளக்கெண்ணெய் எங்க? மாட்டு வண்டிக்கு எதைப் போட்டோம்னு நெனச்சே? வைக்கோலை எரிச்ச கரி, அதுல விளக்கெண்ணெய். குழைச்சா அதுதான் மசகு. வண்டிக்கு அடியில மூங்கில் குழாயில தொங்கும். அச்சுல தடவினா நெல் மூட்டையோட கடலூர் வரைக்கும் முனகாமப் போகும்!"

அவர் சொன்னது விஞ்ஞானத்துக்கும் ஒத்துவருகிறது. விளக்கெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலிக் அமிலம் என்ற கொழுப்பு. அதனால் மற்ற சமையல் எண்ணெய்களைவிடப் பல மடங்கு கெட்டி, உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும், லேசில் பிசினாகாது. முதல் உலகப் போரில் பறந்த விமானங்களில் பலவற்றின் எஞ்சினுக்கு இதுதான் மசகு. புகையைச் சுவாசித்த விமானிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள் என்று ஒரு கதையும் உண்டு! பெட்ரோல் பங்க்கில் பார்க்கிறோமே 'காஸ்ட்ரால்', அந்தப் பேர் 'காஸ்டர் ஆயில்' என்பதிலிருந்து வந்ததுதான். நம் பாட்டி பிள்ளைகளின் மூக்கைப் பிடித்து ஊற்றினாளே, அதே சரக்கு!

கெட்டியாக இருப்பதே இதன் குறையும். அப்படியே ஊற்றினால் இடுக்கில் இறங்காது. உச்சி வெயிலில் பாட்டிலையும் சைக்கிளையும் அரை மணி வைத்தால் இரண்டும் சூடாகி, எண்ணெய் இளகும். கரியைக் கலக்கக் கூடாது. வண்டி அச்சின் இடைவெளி பெரிசு, கரி தாங்கும். செயின் இடுக்கு தாங்காது.

ஆக ஓட்டெடுப்பு முடிவு: காசு இருந்தால் கடையில் விற்கும் சைக்கிள் ஆயில்தான் முதல். அது இல்லாதபோது மழைக்காலத்துக்கு விளக்கெண்ணெய், வெயில் காலத்துக்குத் தையல் மிஷின் எண்ணெய். மற்றவர்களுக்கு டெபாசிட் காலி. அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய், வீடு போய்ச் சேர மட்டும்!

ஸ்கேலும் செயினும்

பாகூர் ஏரிக்கரையில் நின்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். ஊசுட்டேரிக்கு அடுத்தபடி புதுச்சேரியின் பெரிய ஏரி. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. ஊருக்குள் சோழர் காலத்து மூலநாதர் கோயில். அதற்கும் முந்திய பெருமை ஒன்று உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களை எழுதிவைத்ததைச் செப்பேடு சொல்கிறது. பிள்ளைகள் படிக்க ஊரையே எழுதிக் கொடுத்த ஊர்!

இன்றைக்கு அதே பாகூரில் பிள்ளைகள் படிக்கப் போவது சைக்கிளில். சில வீடுகளில் செயின் அறுந்தால் படிப்புக்கே லீவு. "ரிப்பேருக்குக் காசு வர்ற வரைக்கும் வீட்ல இரு" என்பார்கள் பெண் பிள்ளையிடம். இரண்டு நாள் ஒரு வாரம் ஆகும். ஒரு வாரம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வில்லியனூர் பெரியவர் சொல்லி அனுப்பிய பரீட்சையை அவளிடம் சொன்னேன்.

"உன் பள்ளிக்கூட ஸ்கேலை எடும்மா. அங்குலம் போட்ட பக்கம். ஒரு ஊசியோட நடுவுல பூஜ்யத்தை வை. அங்கேருந்து இருபத்துநாலாவது ஊசி எங்க நிக்குது?"

அரை அங்குலம் இருபத்துநாலு தடவை; புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். செயின் 'நீண்டுபோச்சு' என்கிறோமே, இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு ஊசியும் தேய்ந்து கொஞ்சம் கொஞ்சம் தளர்ந்த கணக்கு அது. பன்னிரண்டைத் தாண்டி ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம் போய்விட்டால் புதுச் செயின் போட்டுவிட வேண்டும். விட்டுவிட்டு இரண்டு நூல் ஆனால் பிரீவீல் பல்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும், செலவு இரட்டிப்பு. எந்த எண்ணெயும் இதற்கு மருந்தில்லை.

அவள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "பன்னெண்டைத் தாண்டல சார்! லேசாத்தான்!"

"பொழைச்சே. எண்ணெய் போடு. ஊத்தாதே!"

வீட்டுக்குள் ஓடி விளக்கெண்ணெய்ப் பாட்டிலும் ஒரு ஈர்க்குச்சியும் கொண்டுவந்தாள். ஈர்க்குச்சியைத் தோய்த்து உருளைக்கு ஒரு சொட்டு. நூற்றுச் சொச்சம் கண்ணி, நூற்றுச் சொச்சம் சொட்டு. மொத்தம் ஒரு ஸ்பூன்கூட இல்லை. பெடலைக் கையால் முப்பது சுற்று சுற்றி, கால் மணி நேரம் வெயிலில் விட்டாள். பிறகு பழைய வேட்டித் துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு, விரலில் ஒட்டாத வரை துடைத்தாள். இந்தத் துடைப்பதுதான் பாதி வைத்தியம். போடுவதற்கு ஊரே இருக்கிறது, துடைப்பதற்குத்தான் ஆள் இல்லை.

சைக்கிளை நிமிர்த்தி ஒரு சுற்றுப் போய் வந்தாள். சத்தமே இல்லை. வருவது தெரியாமல் வாசலில் மேய்ந்த கோழி ஒன்று அலறிக்கொண்டு பறந்தது!

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா சார்? பாட்டில்ல நெறைய இருக்கு."

பின்னாலிருந்து அம்மா வந்து பாட்டிலைப் பிடுங்கினார். ஓடப் பார்த்த சின்னப் பையனை இழுத்து மடியில் போட்டு, உச்சந்தலையில் ஒரு கை நிறைய வைத்துத் தேய்த்தார். நெற்றி, காது, கழுத்து என்று எண்ணெய் வழிந்தது. துடைக்கவே இல்லை.

அங்கே மட்டும் ஓவர் ஆயிலுக்கு அனுமதி உண்டு!